பட்டியலில் இல்லாத நான்கு நாள்

முதல் வரியே பொய்.
'1961, ஹவானா. பதினாறு பேர் மோதிய போட்டியில்
வென்றவர் லூசியன் கொர்மியே.'
லூசியன் ஹவானாவைப் பார்த்தது
சுருட்டுப் பெட்டியின் மூடியில்தான்.
அந்த வாரம் முழுக்க மாங்டனில்
மாமனார் வீட்டுக் கூரைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான்.
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

கடலோர மாகாணங்களின் ஹெவிவெயிட் பட்டம்
அப்படித்தான் பிறந்தது.
கப்பலுக்குப் பித்தளைச் சாமான் செய்யும் பட்டறையில்
தகடு வார்த்தார்கள்.
முதலாளி கேட்டது கழுகு.
கொடுத்த காசுக்கு வந்தது
ஏறக்குறைய ஒரு கடற்புறா.

மே முதல் செப்டம்பர் வரை சீசன்.
ஹாக்கி அரங்குகளில் பனி உருகிய சிமெண்டுத் தரை,
அதன்மேல் எங்கள் கயிறு, எங்கள் பலகை.
கோட்டுக்குள் மண்டியிட்டு
மூன்று வரை எண்ணுவது என் வேலை.
எந்த ஊரில், எந்த இரவில்
மூன்று சொல்ல வேண்டும் என்பதை
மதியச் சாப்பாட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.

அறுபத்து மூன்றில் மிரமிச்சி மரவெட்டி:
கோடரி பிடித்தறியாத வங்கி எழுத்தர்.
அறுபத்து ஆறில் மங்கோலியப் பேரரசன்:
த்ருவா ரிவியேரில் ரொட்டிக்கடை வைத்திருந்த கிரேக்கன்,
சண்டை முடிந்ததும் எங்களுக்கு எள் ரொட்டி தருவான்.
அறுபத்து ஒன்பதில் 'காலி' என்று ஒரே சொல்.
அந்தச் சொல்லுக்குள்
சதுப்பு நிலச் சாலை, செப்டம்பர் மழை,
தலைகீழாய்க் கிடந்த ஒரு ஷெவர்லே,
ஆஸ்கர் வென்சல், வயது முப்பத்து நான்கு.

இனி, பட்டியலில் இல்லாதது.

எழுபத்தொன்று, ஜூலை, கிளேஸ் பே.
ஐந்தாம் முறையாகப் பட்டம் லூசியனிடம்.
எதிரே டெல்பிஸ் ஆர்சனோ,
கடலுக்கடியில் நிலக்கரி வெட்டுகிறவன்,
எட்டு டாலருக்குத் தோற்க வந்தவன்.
ஒன்பதாம் நிமிடம், சும்மா ஒரு தள்ளல்.
மூலைக் கம்பத்தில் பஞ்சு விலகிய இடத்தில்
லூசியனின் பின்மண்டை பட்டது.
கண் திறந்திருந்தது. ஆள் இல்லை.
பிடிப்பதுபோல் மேலே சாய்ந்த டெல்பிஸ்
என் காதருகே சொன்னான்:
"எர்வின், இவனுக்கு நினைவில்லை."

ஒன்று.
இரண்டு.
இங்கே தோள் எழ வேண்டும்.
கையை நடுவழியில் நிறுத்த ஆயிரம் சாக்கு உண்டு,
கண்ணில் தூசி, காலில் சுளுக்கு,
எல்லாம் செய்தவன்தான் நான்.
நிறுத்தினால் சண்டை நீளும்.
நினைவில்லாதவனை இவன் மறுபடி தூக்க வேண்டும்,
அவர்கள் மறுபடி கத்துவார்கள்.
அதனால் எண்ணினேன்.
மூன்று.

அரங்கு ஒரு மூச்சு அடங்கிக் கிடந்து
பிறகு இடிந்தது.
ஸ்ட்ரெச்சரை யாரும் பார்க்கவில்லை.

பட்டம் அன்றிரவே ஷிப்டுக்குப் போனது.
சுரங்க வாசல் குளியலறையில் கொக்கியில் தொங்கியது.
இடுப்பில் துண்டோடு நின்ற ஆண்கள்
வரிசையாய் அதைக் கட்டிப் பார்த்தார்கள்.
நான்காம் நாள் முதலாளியின் கார் வந்தது.
அதே நாள் மாலை ட்ரூரோவில்
'பட்டத்தைத் தக்கவைத்தார்' லூசியன்.
தன் பெயர் அவனுக்கு நினைவு வந்து
இரண்டு நாள்கூட ஆகவில்லை.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத கூட்டம் நாங்கள்.
அந்த முறையும் ஒட்டவில்லை.
கடற்புறாவின் சிறகிடுக்கில் மட்டும்
கரி ஒட்டியிருந்தது.
வினிகர் போட்டு, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து,
அடுத்து வந்த ஆறு சாம்பியன்களும் பார்த்துவிட்டார்கள்.

எழுபத்தெட்டில் கம்பெனி மூடியது.
கடைசிச் சாம்பியன் யாரிடமும் தோற்கவில்லை,
தோற்க ஆள் வைக்கக் காசில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று.
கார் வந்த அன்று டெல்பிஸும் வந்தான்,
பட்டத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு.
முதலாளி கையில் வைத்தான்.
அதன்மேல் எட்டு டாலரையும் வைத்தான்.
"சொன்ன வேலையைச் செய்யவில்லை" என்றான்.
முதலாளி எண்ணிப் பார்த்து
பையில் போட்டுக்கொண்டார்.